சிரங்கும் குடியிருப்பும்: அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் பற்றிய ஒரு குறிப்பு

அவுஸ்திரேலியாவின் சேய்மைக் குடியிருப்புகளில் வாழும் ஆதிக்குடிச் சிறாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் சிரங்குற்றிருப்பர் என்பது 2015 இல் வெளியான ஆய்வுத் திரட்டொன்றின் மதிப்பீடு. இதனை அம்மக்களின் துப்புரவின்மைக்கு ஏற்றிக் கூறுவது குடியேற்றவாதிகளின் பழைய வாதம். நாமோ நிலத்தினதும் கூலியினதும் வரலாற்றிலே காரணம் தேட வேண்டியவராகிறோம்.

வடபிரதேசத்து மாட்டுப்பண்ணைகளிலே அற்பக் கூலிக்கும் உணவுப் பங்கீட்டுக்கும் உழைத்தோர் குழாய்நீரற்ற குடிசைகளில் வைக்கப்பட்டனர். 1966 இல் வேவ் ஹில் பண்ணையிலிருந்து குரிஞ்ஜி மக்கள் வின்சன்ற் லிங்கியாரி தலைமையில் வெளியேறினர். 1968 இறுதியில் சமகூலி நடைமுறைக்கு வந்ததும் பண்ணையாளர் பலர் தொழிலாளரைக் குடும்பத்தோடு அகற்றினர். குடியிருப்புகளில் நெரிசல் மிகுந்தது.

நெரிசலில் சொறிப்பூச்சி உடல் விட்டு உடல் செல்லும். சொறிந்த புண்ணில் ஸ்ரெப்ரோகொக்கசுக் கிருமி குடிபுகும். அது சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது. ஆதிக்குடிகளின் ஙனம்பா சுகாதார சபை 1987 இல் வெளியிட்ட அறிக்கை, நலவாழ்வுக்கான ஒன்பது செயல்களுள் சிறு பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதையே முதலில் வைத்தது. குழாயில் நீர் வராத வீட்டில் தாய் என் செய்வாள்? பின்னர் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்தபோது, பழுதுகளுட் பத்திலொரு பங்குக்கும் குறைவே குடியிருப்போரால் விளைந்தமை தெரியவந்தது. ஏனையவை பராமரிப்பின்மையாலும் கட்டுமானக் குறைகளாலும் நேர்ந்தவை. நியூ சவுத் வேல்ஸ் அரசின் 2010 அறிக்கையின்படி, திருத்தப்பட்ட வீடுகளில் வாழ்ந்தோர் தொற்றுநோயால் மருத்துவமனை புகுவது ஏனைய கிராமப்புற ஆதிக்குடிகளிலும் நூற்றுக்கு 40 குறைந்திருந்தது. திருத்தப்பட்டவை குழாய்களும் வடிகால்களும் மின்னிணைப்புகளுமே.