50 வயதுக்குக் கீழும் பெருங்குடல் புற்றுநோய்: பரிசோதனை ஏன் அவசியம்?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் முதியோரின் நோயாகவே நீண்டகாலம் கருதப்பட்டது. அந்நிலை மாறி வருகிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அந்நாட்டில் இந்நோய் கண்டறியப்பட்டவர்களில் 55 வயதுக்கு உள்பட்டோரின் பங்கு 1995-இல் 11 சதவீதமாக இருந்தது. 2019-இல் 20 சதவீதமாக உயர்ந்தது.

அதேவேளையில், முதியோரிடம் பாதிப்பு குறைந்துள்ளது. குடலின் உள்சுவரில் தோன்றும் 'பாலிப்' எனும் சிறு கட்டிகள் புற்றாக மாறப் பொதுவாக 10 ஆண்டுகள் வரை ஆகும். அதற்குள் கொலோனோஸ்கோபி மூலம் அவற்றைக் கண்டறிந்து அகற்றுவது இக்குறைவுக்கு முக்கியக் காரணம். இளையோரிடம் பாதிப்பு உயர்ந்ததால், பரிசோதனையைத் தொடங்குவதற்கான வயதை அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-இல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தது. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே பரிசோதிக்க வேண்டும்.

இந்தியாவில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு 30 வயதைக் கடந்தோரிடம் அரசுத் திட்டத்தின் கீழ் பரிசோதனை நடைபெறுகிறது. பெருங்குடல் புற்றுநோய் அதில் இடம்பெறவில்லை. எனவே, அறிகுறிகளைக் கவனிப்பது இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. மலத்தில் ரத்தம், மலம் கழிப்பதில் நீடிக்கும் மாற்றம், காரணம் தெரியாத எடைக் குறைவு, ரத்தசோகை ஆகியவற்றை மூலநோய் என்றோ, வயது குறைவு என்றோ கருதிப் புறக்கணிக்கக் கூடாது.