லயத்திலிருந்து சொந்த வீட்டிற்கு
வட சிலாங்கூர்த் தோட்டக் குடியிருப்புகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

தமிழர் கடல் கடந்து சென்ற இடமெல்லாம் தம் தெய்வத்திற்கென ஓர் இடம் அமைத்து வழிபட்டனர். கோலசிலாங்கூர் மாவட்டத்திலும் அதனை அடுத்த வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலும் காணப்படும் மாரியம்மன், முனீஸ்வரர் ஆலயங்கள் இதற்குச் சான்று பகரும். வேலை முடிந்த மாலையில் விளக்கேற்றி வழிபட்ட அம்மக்கள், தாங்கள் குடியிருந்த வீடும் வழிபட்ட கோயிலும் நின்ற மண் யாருக்குச் சொந்தம் என்று அன்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய காலம் வந்தபோது, மூன்று தலைமுறைகள் கடந்துவிட்டன. அந்த வரலாற்றை நினைவுகூர்வது இத்திருவிழா மலருக்குப் பொருத்தமானதே.

காடு தோட்டமான காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பரின் விலை உயர்ந்தது. சிலாங்கூர் ஆற்றின் இரு மருங்கிலும் இருந்த காடுகள் தோட்டங்களாயின. காட்டை அழிக்கவும் கன்று நடவும் பால் வெட்டவும் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் கங்காணிகள் மூலம் அழைத்து வரப்பட்டனர். உடலுழைப்புத் தொழிலாளரை உதவி பெற்று வெளிநாடு அனுப்புவதை 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தடை செய்யும்வரை இவ்வழக்கம் நீடித்தது.

நாட்டின் செம்பனைத் தொழிலும் இம்மாவட்டத்திலேயே பிறந்தது. பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோகோனியே 1917ஆம் ஆண்டு தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிப நோக்கில் முதன்முதலாகப் பயிரிட்டார். பின்னாளில் மலாயா வாழ்வை நாவலாக எழுதி, 1930ஆம் ஆண்டு பிரான்சின் கோன்கூர் பரிசையும் அவர் பெற்றார். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிப்பது கருதத்தக்கது. மலேசியாவின் செல்வத்திற்கு வித்திட்ட அந்த நிலத்தில் தமிழர் கரங்களின் உழைப்பு கலந்திருக்கிறது.

தோட்டம் என்பது வயல் மட்டுமன்று. அது ஓர் ஆலையும் ஆகும். காலையில் வெட்டிய பால் ஸ்டோருக்கு வரும். அங்கே அமிலம் கலந்து உறைய வைத்து, உருளையில் இட்டுத் தகடாக்கி, புகையறையில் உலர்த்துவர். செம்பனை வந்த பின்னர் எண்ணெய் ஆலைகள் எழுந்தன. பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் இவற்றுடன் ஈயச் சுரங்கத் தொழிலும் ஓங்கியிருந்தது. ஈயம் எடுத்த பள்ளங்கள் இன்று ஈயக்குட்டைகளாகத் தேங்கி நிற்கின்றன.

வேலையோடு கட்டப்பட்ட வீடு

தொழிலாளர்களுக்கு நிர்வாகம் லயங்களைக் கட்டிக் கொடுத்தது. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லவேண்டும். ஆகவே வீடு வேலைக்கு அருகிலேயே இருந்தது. வாடகை இல்லை. தோட்டத்திற்குள்ளேயே மருந்தகம், தமிழ்ப்பள்ளி, கோயில், இடுகாடு ஆகியவையும் அமைந்தன. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு உயிர் தப்பித் திரும்பியோரும் அதே லயங்களுக்குத்தான் வந்து சேர்ந்தனர். எத்தனையோ குறைகள் இருந்தும், அது அவர்களுக்கு ஊராகவே இருந்தது.

ஆயினும் அவ்வீட்டின் உரிமை வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரத்தை நிர்ணயிக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பு வசதிகளை மேம்படுத்த வழிவகுத்தது. ஆனால் வீட்டைச் சொந்தமாக்கித் தரவில்லை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டமோ, பதிவு பெற்ற உரிமையாளரின் நிலத்தில் ஒருவர் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அதனால் மட்டும் உரிமை பிறவாது என்று கூறுகிறது. பாட்டனார் பிறந்த வீடு என்பது உணர்வுக்குச் சான்றாகுமேயன்றி உரிமைக்குச் சான்றாகாது.

இந்த ஆபத்தை முன்னரே உணர்ந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். விடுதலைக்குப் பின் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்குமாறு 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பல தோட்டங்கள் காப்பாற்றப்பட்டன. ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் வாங்கிவிடும் வலிமை எந்த ஒரு சங்கத்திற்கும் இல்லை.

ஐந்து தோட்டங்களின் காத்திருப்பு

தொண்ணூறுகளில் நகரங்கள் விரிவடைந்தன. செம்பனையால் கிடைக்கும் வருமானத்தினும் வீட்டு மனையின் மதிப்பு மிகுந்தது. கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் எல்லையை ஒட்டிய மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களும் அக்காலத்தில் மேம்பாட்டிற்காகக் கைமாறின. தொழிலாளர்கள் வேலையிழந்தனர்.

பணிநீக்கப் பலன்களுக்கான 1980ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளம் வழங்கப்பட வேண்டும். முப்பது ஆண்டுகள் உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம். ஏறத்தாழ இரண்டாண்டு ஊதியம். அத்தொகையைக் கொண்டு ஒரு தோட்டத் தொழிலாளி எங்கே வீடு வாங்க முடியும்? ஆகவேதான் அவர்கள் மாற்று வீட்டை முதன்மைக் கோரிக்கையாக வைத்தனர். வாக்குறுதிகள் கிடைத்தன, வீடுகள் கிடைக்கவில்லை. இளையோர் பலர் கிள்ளான், கோலாலம்பூர் எனப் பிழைப்புத் தேடிச் சென்றனர். முதியோர் காத்திருந்தனர், காத்திருந்தே கண்மூடினோரும் உண்டு.

அதற்குள் சுற்றுப்புறமெல்லாம் மாறியது. 2005ஆம் ஆண்டு புக்கிட் தாகாரில் குப்பை நிரப்புநிலம் செயல்படத் தொடங்கி, கோலாலம்பூரின் குப்பை அங்கு வந்து சேர்ந்தது. 2007ஆம் ஆண்டு பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர்ப்பெயர் பெஸ்தாரி ஜெயா என மாற்றப்பட்டது. அங்கே சிலாங்கூர்ப் பல்கலைக்கழக வளாகமும் எழுந்தது. ஊருக்குப் புதுப் பெயரும் பல்கலைக்கழகமும் வாய்த்தன. உழைத்தவர்களுக்கு வீடு மட்டும் வாய்க்கவில்லை.

ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காத்திருப்புக்குப் பின், 2023ஆம் ஆண்டு பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தலைமையிலான அரசாங்கம் இந்த ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கென 245 வீடுகள் அமைக்கும் திட்டத்தை முன்னெடுத்தது. மக்களின் தளராத முயற்சிக்கும், அவர்களுக்குத் துணைநின்ற சமூகத் தொண்டர்களின் உழைப்புக்கும் கிடைத்த பலன் இது. 245 என்பது பெரிய எண்ணிக்கையன்று. ஆனால் வேலையோடு கட்டப்படாத வீடு என்பதே ஒரு தோட்டக் குடும்பத்திற்குப் புது வரலாறு.

ஆலயங்கள் கற்கவேண்டிய பாடம்

வீட்டிற்கு நேர்ந்ததே கோயிலுக்கும் நேரும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டக் கோயில்களில் பல நிர்வாகத்தின் வாய்மொழி இசைவின்பேரில் எழுந்தவை. அன்றைய துரை நன்கொடை அளித்திருக்கலாம். திருவிழாவுக்கு விடுமுறையும் தந்திருக்கலாம். ஆனால் நிலப்பட்டாவில் கோயிலின் பெயர் இல்லையெனில், தோட்டம் விற்கப்படும் நாளில் அந்த நல்லெண்ணம் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. கருவறையின் பழைமையைப் போற்றும் நாம், அது நிற்கும் மண்ணின் பத்திரத்தையும் போற்றிக் காத்தல் வேண்டும்.

தோட்டம் குடியிருப்பாக மாறும்போது மனைப்பிரிவு வரைபடம் ஒன்று தயாராகும். வீடு, சாலை, கால்வாய் யாவும் அதில் குறிக்கப்படும். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடுகாட்டிற்கும் உரிய இடத்தை அவ்வரைபடத்தில் குறிக்கச் செய்வதற்கு அதுவே தக்க தருணம். வரைபடம் ஒப்புதல் பெற்ற பின்னர்க் கேட்பது அரிது. மண்வாரி இயந்திரம் வந்தபின் கேட்பது அதனினும் அரிது. ஆலயத்தின் பழைய கணக்கேடுகள், நன்கொடைச் சீட்டுகள், திருவிழா அழைப்பிதழ்கள், நிர்வாகம் அனுப்பிய கடிதங்கள் ஆகிய அனைத்தையும் பாதுகாத்து வைத்தால் பேச்சுவார்த்தையின்போது அவை பேருதவி புரியும்.

லயத்தில் வாழ்ந்த முன்னோர் தம் கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கிக் கோயில் கட்டினர். தமக்கென ஓரடி மண் இல்லாதபோதும் அம்மனுக்கு ஓர் இடம் தேடினர். அவர்தம் பேரப்பிள்ளைகள் சொந்த வீட்டில் குடியேறும் நாளில், அன்னையும் தனக்கென உரிமையான மண்ணில் வீற்றிருத்தலே முறை. அவ்விரண்டும் கைகூட மகாமாரியம்மன் திருவருள் துணைநிற்பதாக.