ஓதமும் வெள்ளையடிப்பும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்தபின் புத்தக அலமாரியைத் திறக்கும் எவருக்கும் அந்த வாடை தெரிந்திருக்கும். அட்டைகளின் மேல் சாம்பல் பூத்தாற்போலப் பூசணம். துடைக்கிறோம், வெயிலில் உலர்த்துகிறோம்; அடுத்த ஆண்டு அதே தட்டில் அதே வாடை. பழைய சிற்றிதழ்த் தொகுப்புகள் சிலவற்றை நாம் இழந்தது இவ்வாறுதான். இந்த ஈரத்தோடு முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று தேடவைத்ததும் அவ்விழப்பே.

நெடுநல்வாடை காட்டும் கூதிர்க்கால வீட்டில் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. தடவில் நெருப்பு கனல்கிறது. குளிர்காய மூட்டிய நெருப்பெனினும், காற்று சூடேறினால் அதன் ஈரப்பத விகிதம் தாழும் என்பது இயற்பியல். அடுப்பின் மேற்பரணில் ஏடுகளை வைத்த வழக்கத்திலும் இதே நன்மை உண்டு.

ஆயினும் பெரும்பணி சுண்ணாம்பினுடையது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, வடிகட்டி, சிறிது நீலம் கலந்து சுவரில் அடித்தார்கள். நீற்றிய சுண்ணாம்பின் கார அளவு 12ஐத் தாண்டும். அதில் பூசணம் வேர்கொள்ளாது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு அது மெல்லச் சுண்ணக்கல்லாக மாறிவிடுகிறது, காரமும் குறைகிறது. ஆகவேதான் ஒருமுறை அடித்தால் போதவில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் தணிய, சுவர் காயத் தொடங்கும் வேளையில் பொங்கல் வெள்ளையடிப்பு வருகிறது. இதைத் திட்டமிட்ட அறிவியல் என்று பெருமை பேச நமக்கு விருப்பமில்லை. பொருத்தம் மட்டும் வியப்பளிக்கிறது. மேலும், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கினாலும் வெளியே விட்டுவிடும்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1824இல். சென்னையில் 1904இல் சிமெண்டு செய்யும் முயற்சி நிலைக்கவில்லை. போர்பந்தரில் 1914இல் உற்பத்தி தொடங்கியது. பின்னர் சிமெண்டுப் பூச்சும், அதன்மேல் பிளாஸ்டிக் வண்ணமும் நம் வீடுகளுக்கு வந்தன. ஓதம் ஏறிய சுவருக்கு அது மழைக்கோட்டு மாட்டியது போலாயிற்று. ஈரம் உள்ளேயே தங்கி, வண்ணம் கொப்புளித்து, கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. முற்றத்தை மூடினோம்; விறகடுப்பும் போயிற்று. அடுப்பு போனதில் வருத்தமில்லை, அந்தப் புகையை மூச்சில் வாங்கியவர்கள் பெண்கள்.

உலக நலவாழ்வு நிறுவனம் வீட்டு ஓதத்தையும் பூசணத்தையும் பற்றித் தனி வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது 2009இல். காற்றில் என்றும் மிதக்கும் பூசண வித்துகளை ஒழிக்க இயலாது. ஈரத்தைத்தான் ஒழிக்க வேண்டும். வெளுப்புநீர் தெளித்தால் கறை மறையும், ஒழுகும் குழாய் அப்படியேதான் இருக்கும். நனைந்ததை இரண்டு நாளுக்குள் உலர்த்துவதும், அறையின் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குள் வைப்பதுமே பயன்தரும்.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம். மொட்டைமாடி விரிசலை அடைத்தாயிற்று. வடக்குச் சுவரின் வண்ணத்தைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறோம். பொங்கலுக்கு முன் வருவதாகச் சொல்கிறார்.