இரத்த அணுவுக்கு ஓர் அச்சு

பிரசவத்தில் இரத்தம் இழந்த தாய்க்கு மற்றொருவர் இரத்தத்தை ஏற்றினால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. வியன்னா நகர மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர், உடன் வேலை செய்தவர்களின் இரத்தத்தையே எடுத்து, ஒருவரது சிவப்பணுக்களை இன்னொருவரது இரத்தநீரில் கலந்து பார்த்தார். சில சேர்க்கைகளில் அணுக்கள் ஆசிட் ஊற்றிய ரப்பர்ப் பால்போலத் திரண்டன. 1901-இல் இரத்த வகைகளை உலகுக்கு அறிவித்தார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார்.

அதே வியன்னாவின் பல்கலைக்கழகத்தில், பிரான்ஸ் டிக்கர்ட் குழுவினர் 2006-இல் வேறொரு வழி காட்டினர். கோல சிலாங்கூர், புஞ்சாக் ஆலாம் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் ஷீட் அடித்த பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உருளையின் வரி ஷீட்டில் பதியுமல்லவா? அதுபோல, இறுகாத பிளாஸ்டிக் கூழின்மீது சிவப்பணுக்களை அழுத்தி, கூழ் இறுகியபின் கழுவிவிட்டால், அணு இருந்த இடம் குழியாக நிற்கும். ‘ஏ’ வகையும் ‘பி’ வகையும் உருவத்தில் ஒன்றுதான். மேற்பரப்பில் ஒட்டியுள்ள சர்க்கரைப் பொருள்தான் வேறு. அந்த நுண்ணிய வேற்றுமையையும் கூழ் பிடித்து வைத்துக்கொள்கிறதே, அதுதான் எனக்கு வியப்பு! தனக்குரிய குழியில் அணு வந்து அமர்ந்ததும், அடியில் அதிர்ந்துகொண்டிருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு சற்றே குறையும். அதைக் கருவி அளந்து சொல்லிவிடும்.

ஆயினும், மருத்துவமனைகளில் இன்றும் இரத்த வகை பார்ப்பது பெரும்பாலும் லாண்ட்ஸ்டைனர் கண்ட அந்தத் திரளும் முறையில்தான்.