பைதனின் இரு பதிப்புகள்: ஒரு வரலாற்று நோக்கு

மொழி காலத்துக்கேற்ப மாறுதலுறுவது இயல்பு. மக்கள் வழக்கில் பழையதும் புதியதும் நெடுங்காலம் ஒருங்கே நிலவினும் கேட்போன் இடமறிந்து பொருள்கொள்வான். கணினிக்கு அத்தகைய உய்த்துணர்வு இல்லை. ஆதலின் ஒரே நிரலாக்க மொழியின் இரு பதிப்புகள் ஒரு கணினியிற் குடியேறும்போது பூசல் விளைகின்றது. பைதன் மொழியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த கிடோ வான் ரோசம் 1991 இல் வெளியிட்ட இம்மொழி, தொடக்கத்தில் எழுத்துத் தொடரை வெறும் பைட்டுகளின் வரிசையாகவே கொண்டது. ஆங்கிலத்துக்கு இது போதியதாயிருந்தது. தமிழுக்கோ இடர் தந்தது. யூ.டி.எஃப்-8 முறையில் எழுதிய ‘அம்மா’ என்னும் சொல்லின் நீளம் யாதெனப் பைதன் 2 ஐ வினவின் 15 என விடை வரும். 2000 இல் யுனிகோடுக்கெனத் தனிவகைத் தொடர் சேர்க்கப்பட்டதாயினும், இருவகையும் கலந்தவிடத்துப் பிழைகள் மலிந்தன. இதனைக் களையும் பொருட்டே, பழைய நிரல்கள் பல இயங்கா என்பதை அறிந்தும், 2008 டிசம்பர் 3 இல் பைதன் 3 வெளியிடப்பட்டது. அது யுனிகோடு குறிகளை எண்ணி, அதே சொல்லுக்கு 5 என விடையிறுத்தது.

இனிப் பூசலின் தன்மையை நோக்குவாம். பல்லேகலத் தொழில் வலயத்து அலுவலகமொன்றில் பழைய கணக்கு நிரலொன்று உளதெனக் கொள்வோம். 5 ஐ 2 ஆல் வகுத்தால் பைதன் 2 தருவது 2. பைதன் 3 தருவது 2.5. கணினியோ கோப்புறைகளை வரிசையாகத் தேடி, ‘பைதன்’ என்ற பெயருடன் முதலில் எதிர்ப்படுவதையே ஏற்கும். புதிய பதிப்பின் கையிற் சிக்கிய பழைய நிரல் இடையில் நின்றுவிடலாம். நில்லாது ஓடி வேறு விடை தரவுங் கூடும். பிந்தியதே கொடிது, பிழை நேர்ந்தமையை எவரும் அறியார். சென்ட் ஓஎஸ் 7 இயங்குதளத்தில் மென்பொருள் நிறுவும் ‘யம்’ கருவி பைதன் 2 இல் எழுதப்பட்டிருந்தது. ஆங்குப் ‘பைதன்’ என்ற பெயரைப் புதிய பதிப்புக்கு மாற்றியோர் அக்கருவியே முடங்கக் கண்டனர்.

இலங்கையர்க்கு இத்தகைய நிலை புதிதன்று. கண்டியச் சட்டமும் தேசவழமையும் முஸ்லிம் சட்டமும் உரோமன் டச்சுச் சட்டத்தோடு ஒரே நாட்டில் நிலவுகின்றன. எவர்க்கு, எவ்விடயத்தில், எது பொருந்தும் என்னும் வரையறையே அவற்றை ஒழுங்குபடுத்துகின்றது. பைதனுக்கும் அத்தகைய வரையறையே வேண்டப்பட்டது.

முதலாவது, பெயர் வரையறை. பதிப்புகளைப் பைதன்2, பைதன்3 எனத் தனித்தனியே அழைக்குமாறு 2011 இல் பரிந்துரை எழுந்தது. இரண்டாவது, இட வரையறை. 2007 இல் தோன்றிய ‘வர்ச்சுவல் என்வ்’ கருவி ஒவ்வொரு பணிக்கும் அதற்குரிய பதிப்பையும் துணைநூலகங்களையும் தனியறையில் வைத்தது. 2012 இல் இவ்வசதி பைதன் 3.3 இலேயே சேர்க்கப்பட்டது. மூன்றாவது, கால வரையறை. பைதன் 2.7 இன் பராமரிப்பு 2015 இல் முடிவுறுமென முதலிற் கருதப்பட்டது. பின்னர் தவணை நீட்டப்பட்டு, 2020 சனவரி 1 உடன் நிறைவெய்தியது.

ஆயினும் தமிழரின் வினாவுக்குப் புதிய பதிப்பும் முழுவிடை தரவில்லை. ‘அம்மா’ என்பதில் நாம் காணும் எழுத்துகள் 3 அன்றோ? முத்தையா அண்ணாமலை முதலியோர் ஆக்கிய ‘ஓப்பன் தமிழ்’ நூலகமே அவ்வாறு எண்ணிக் காட்டியது; அதுவும் இரு பதிப்புகளிலும் இயங்குமாறு அமைந்தது. பதிப்புகளின் பூசலைத் தீர்க்க வரையறை போதும். தம் மொழியின் இலக்கணத்தைப் பொறிக்குக் கற்பிக்கும் கடனோ அம்மொழியாளரையே சாரும்.