தோள்மூட்டுக் காயமும் தொட்டறிதலும்

கூடுவாஞ்சேரியில் வாழ்வார் ஒருவர் வழுக்கி விழுந்து தோளில் அடிபட்டால், அவர் நாடும் இடங்கள் பல. செங்கற்பட்டில் 1965இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஒன்று; தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மற்றொன்று; ஆந்திர நாட்டுப் புத்தூரின் பெயர் பூண்ட கட்டு வைத்தியமும் உண்டு. எங்குச் செல்லினும் முதலில் தோளை ஆராய்வன கண்ணும் கையுமே. அவ்வாராய்ச்சி எத்துணை நம்பத்தக்கது என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

தொட்டறிதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் கொண்ட எண்வகைத் தேர்வுகளுள் பரிசமும் ஒன்று. சுசுருத சங்கிதை மூட்டு விலகலை ஆறாகவும் எலும்பு முறிவைப் பன்னிரண்டாகவும் வகுத்து, நீட்டவும் மடக்கவும் இயலாமை, தொடின் பொறாமை முதலியவற்றை விலகலின் குறிகளாகக் கூறும்.

கிரேக்க நாட்டு இப்போகிரேட்டிசின் பெயரால் வழங்கும் மூட்டு நூலோ, குறிகளோடு அமையாது பிழைகளையும் பதிவு செய்கிறது. தோளின் உச்சியெலும்பு பிரிந்து மேலெழுந்து நிற்பதைத் தோள் விலகல் என மயங்கிய மருத்துவர் இருந்தனர் என்றும், மெலிந்தார்க்கு இயல்பாகவே முன்தள்ளித் தோன்றும் எலும்பும் அங்ஙனம் மயக்கும் என்றும் அந்நூல் எச்சரிக்கும். இப்பகுதியே அந்நூலின் சிறப்பு என்பது எம் கருத்து.

இராண்ட்கன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டார். சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் அமைந்தது. அமெரிக்கரான காட்மன் தோளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. இனிக் கை வேண்டா எனக் கருதினாரும் உளர். அது பொருந்தாது. புயவெலும்பின் தலை பின்புறமாக விலகுதல் அரிது. முன்னிருந்து எடுத்த ஒரே படத்தில் அது இயல்பான மூட்டுப் போலத் தோன்றி ஏமாற்றும். ஆயின் நோயாளி கையை வெளிப்புறம் திருப்ப இயலாமையைத் தேர்வு செய்யும் கை காட்டிவிடும். எக்ஸ் கதிர் தோன்றுவதற்கு நாற்பதாண்டு முன்னரே, 1855இல், மல்கேஞ் என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் இத்தகையோர் முப்பத்தெழுவரைத் தொகுத்துக் காட்டியமை நினைக்கத்தக்கது.

தசைநாண் கிழிவில் கையின் வலிமை குன்றும். புதுக்காயத்தில் நோயாளி கையைத் தூக்காமை நாண் அறுந்தமையாலா, வலிக்கு அஞ்சியா என்பது விளங்காது. வீக்கம் தணிந்தபின் சில நாள் கழித்து மீண்டும் ஆராய்தல் வேண்டும். இதனினும் இடர் மிக்கது மற்றொன்று. விலகலோடு புயவெலும்பின் கழுத்தும் முறிந்திருப்பின், தொட்ட அளவில் அதனைத் தெளிதல் அரிது. அதனை அறியாது இழுத்துச் சேர்க்க முற்படின், முறிந்த துண்டு மேலும் இடம்பெயரும். கட்டு வைத்தியரிடம் செல்வாரும் முதலில் படம் எடுத்துக்கொள்ளல் வேண்டும் என்பது இதுபற்றியே.