உறுதி முடியும் வரை



வீடு வாங்கிய ஒருவரிடம் அவ்வீட்டைப் பற்றி விசாரித்தால் அதன் விலையைச் சொல்வார். அறைகளின் எண்ணிக்கையைச் சொல்வார். கிணற்று நீரின் சுவையையுஞ் சொல்வார். விலை பேசிய நாளுக்கும் உறுதி முடித்த நாளுக்கும் இடையே எத்தனை மாதம் காத்திருந்தார் என்பதை மட்டும் நாமாகக் கேட்டாலன்றிச் சொல்லமாட்டார். கேட்டுவிட்டாலோ, அன்று பொழுது சாயுமுன் நாம் வீடு திரும்ப இயலாது. அந்தக் காத்திருப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கல்முனைப் பகுதியில் ஒரு காணி கைமாறும்போது நம் வாயில் வரும் சொற்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். தோம்பு என்பது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். நொத்தாரிசும் கந்தோரும் ஒல்லாந்தர் தந்தவை. அவற்றை ஆளும் சட்டங்களோ ஆங்கிலேயர் காலத்தவை. இவற்றின் நடுவே உறுதி என்னும் நமது சொல் அசையாது நிற்கின்றது. பத்திரத்திற்கு உறுதி என்று பெயரிட்ட முன்னோர், அது கைக்கு வரும்வரை எதுவும் உறுதியன்று என்பதை அறிந்தே பெயரிட்டனர் போலும்.

ஆறுதலான செய்தி ஒன்று: இக்காத்திருப்பு கந்தோர்கள் தோன்றிய பின் வந்ததன்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை, கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1707-ஆம் ஆண்டில் தொகுத்தளித்தார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்த்துச் சரியென ஒப்புக்கொண்டனர். காணி விற்பவன் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அயலாருக்கும் அறிவிக்கவேண்டும் என்னும் பழைய வழக்கத்தை அது குறிப்பிடுகின்றது. அறிவித்தபின் எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும்? அதே ஊரில் இருப்பவனுக்கு ஒரு மாதம். அதே பிரிவின் வேற்றூரில் இருப்பவனுக்கு மூன்று மாதம். வேறு பிரிவில் இருப்பவனுக்கு ஆறு மாதம். கடல் கடந்து போனவனுக்கு ஓராண்டு. பின்னர் ஒல்லாந்தத் தளபதி புளூம் என்பாரின் கட்டளைப்படி, விற்பவர் சேர்ந்த கோவிலில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனையை அறிவித்தால் போதுமென்றாயிற்று. ஓராண்டு மூன்று வாரமாகச் சுருங்கிய விந்தையை எண்ணிப் பாருங்கள். அன்று கடல் கடந்து போனவனின் கதி யாதாயிற்றோ!

தேசவழமை நம் மட்டக்களப்புத் தெற்குக்குரிய சட்டமன்று. ஆயினும் அதன் உட்கருத்து நமக்குப் புதியதன்று. பங்காளிக்கும் அயலானுக்கும் வாங்குவதில் முன்னுரிமை உண்டு என்பதை இஸ்லாமியச் சட்டநூல்களும் ஷுஃப்ஆ என்ற பெயரால் விரித்துரைக்கின்றன. காணி தனி மனிதனின் உடைமையானாலும் அடுத்த வளவில் யார் வந்து குடியேறுவார் என்பது எல்லாருடைய கவலையுமாகும். ஐந்தாறு பேர்ச்சில் வீடும் கிணறும் மதிலும் நெருங்கி நிற்கும் எங்கள் ஊர்களில் இதனை விளக்கவேண்டியதில்லை.

அடுத்த பெருந் திருப்பம் 1840-இல் நேர்ந்தது. அவ்வாண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணியை விற்பதோ ஈடு வைப்பதோ எழுத்திலிருத்தல் வேண்டும் என்றது. அனுமதி பெற்ற நொத்தாரிசின் முன்னிலையிலும், ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் ஒப்பமிடப்படாவிடின் அது செல்லாது என்றும் விதித்தது. வாய்ச்சொல்லுக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் இருந்த மதிப்பு அத்துடன் சட்டத்தின் கண்ணில் அற்றுப்போயிற்று. அதே ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம் காடும் தரிசும் முடிக்குரியவை என்று அனுமானித்ததையும் இங்கே சேர்த்து நினைக்கவேண்டும். எழுத்தில்லாத உடைமை ஒரே ஆண்டில் இரு பக்கமும் ஆட்டங்கண்டது.

1863-இல் உறுதிகளைப் பதிவுசெய்யும் முறை வந்தது. 1927-ஆம் ஆண்டின் 23-ஆம் இலக்கச் சட்டம் அதனைச் செப்பஞ்செய்தது. ஒரே காணியை இருவருக்கு விற்ற துணிச்சற்காரர் அந்நாளிலும் இருந்தமையால், முதலில் எழுதிய உறுதியன்று, முதலிற் பதிந்த உறுதியே வெல்லும் என்பது பொது விதியாயிற்று. பதிந்ததில் வஞ்சகம் இருந்தால் அவ்விதி காப்பாற்றாது. ஆதலால் வாங்குபவன் முதலில் பதிவேட்டைத் தேடிப்பார்க்கவேண்டும், பின் உறுதி முடிக்கவேண்டும், பின் பதியவேண்டும். நொத்தாரிசு மூன்று படிகள் எழுதுவார். மூலம் வாங்கியவர் கைக்கு; ஒன்று நொத்தாரிசின் ஏட்டில்; மற்றொன்று அடுத்த மாதம் பதினைந்தாந் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு. இம்மூன்றாவது படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இக்கரையோரத்திற்கே உரிய ஒரு வழக்கத்திற்கு வருகின்றேன். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வீடு பெரும்பாலும் சந்தைக்கு வருவதில்லை. அது மகளுக்குப் போகின்றது. குடி தாய்வழியே வருவது; மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கே போவது. மூத்த மகளுக்குப் பெற்றோர் தாமிருக்கும் வீட்டையே கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்கென எழுப்பும் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்வர். நான்கு பெண்மக்களைப் பெற்றவர் நான்கு முறை சுவர் எழுப்புவார். அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை அக்கரைப்பற்றிலிருந்து பல்லாண்டு ஆராய்ந்து நூலாக்கியுள்ளார். தமிழருள்ளும் இத்தாய்வழி உண்டு. முக்குவர் சட்டம் பற்றி பிறிட்டோ என்பார் 1876-இலேயே நூலெழுதினார். அதே ஆண்டு இயற்றப்பெற்ற பொதுச் சட்டம் அவ்வழக்கத்தைச் சட்டவரம்புக்கு வெளியே தள்ளியது. தள்ளப்பட்ட வழக்கம் நன்கொடை உறுதியின் உருவில் மீண்டும் உள்ளே வந்தது.

இதனைச் சற்று விளக்குகின்றேன். இறந்தபின் பங்கிட்டால் முஸ்லிம் வாரிசுரிமைப்படி மகனுக்குரியதிற் பாதியே மகளுக்கு. வாழும்போதே நன்கொடையாகக் கொடுத்தால் வீடு முழுவதும் அவளுடையது. 1931-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்கச் சட்டம், நன்கொடை உறுதியைப் பெறுபவரிடம் ஒப்படைப்பதே ஆதனத்தை ஒப்படைத்ததற்குச் சான்றாகும் என்றது. நன்கொடை மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதாவிடின் மீளப்பெறக்கூடியதே என்றும் சொன்னது. சம்பந்தம் பேசும் மாப்பிள்ளை வீட்டார் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதை நான் கண்டிருக்கின்றேன்.

என் குடும்பத்தில் நடந்ததைச் சொன்னால் இக்காத்திருப்பின் படிகள் விளங்கும். 1985-ஆம் ஆண்டு, பெரும்போக வெள்ளாண்மை வெட்டிய கையோடு, என் இளைய ராத்தாவுக்கென்று வாப்பா கடலோரமாகப் பன்னிரண்டு பேர்ச் வளவொன்றை விலை பேசினார். முற்பணமும் கொடுத்தார். வளவுக்காரர் உயிலெழுதாமல் இறந்திருந்தார். மனைவி, நான்கு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியது பதினொரு கூறு. கணக்குப் போட்டால் ஒரு மகளுக்கு ஒரு பேர்ச்சுக்கும் குறைவு. ஏறத்தாழ 260 சதுர அடி.  அவ்வளவு நிலத்திற்கும் ஒப்பம் வேண்டும். ஆண்மக்களோ எங்கள் வழக்கப்படி நான்கு ஊர்களில் மனைவியர் வீடுகளில் இருந்தனர். ஒருவர் குவைத்துக்குப் போயிருந்தார். அவரிடமிருந்து அற்றோணித் தத்துவம் வந்துசேர ஏழு மாதம் சென்றது. ‘கடல் கடந்தவனுக்கு ஓராண்டு’ என்ற பழைய கணக்கு அத்தனை பிழையன்று.

இதற்கிடையில் பதிவேட்டைத் தேடியதில் 1962-ஆம் ஆண்டின் ஈடொன்று தலைகாட்டியது. கடனைத் தீர்த்தாயிற்று என்று எல்லாரும் சத்தியஞ் செய்தார்கள். ஆனால் ஈட்டை மீட்டு எவரும் உறுதி முடிக்கவில்லை. கடன் கொடுத்தவரும் இறந்திருந்தார். அவருடைய பிள்ளைகளைச் சம்மாந்துறையில் தேடிப் பிடித்து ஒப்பம் வாங்க மேலும் நான்கு மாதம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. மூன்றாம் முறை வரவில்லை. அச்சம்பந்தம் போயிற்று. தேடாமலே முடித்துவிடுவோம் என்று காக்கா வாதாடியதும், நொத்தாரிசு ஐயா வெறுமனே தலையசைத்து மறுத்ததும் எனக்கு நினைவிருக்கின்றன. 1986-இல் அடுத்த வெள்ளாண்மைக்குப் பின்னரே உறுதி முடிந்தது. வீடு கட்டி மூன்றாண்டு கழித்து, வேறிடத்தில் ராத்தாவுக்குத் திருமணம் நிகழ்ந்தது. வாப்பா தம் இறுதி நாள்வரை அந்த முதற் சம்பந்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

2004 டிசம்பர் 26-ஆந் திகதி காலை அவ்வீடு இடிந்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்நாளில், ராத்தாவின் குடும்பம் பள்ளிவாசல் மேல்மாடியில் உயிர் தப்பியதே பேறு. உறுதி வைத்திருந்த தகரப்பெட்டி கடலோடு போயிற்று. நொத்தாரிசு ஐயாவோ அதற்கு முன்பே காலமாகியிருந்தார். ஆனால் இறந்த நொத்தாரிசின் ஏடுகளும் பதிவாளரையே சேர்கின்றன. மாதந்தோறும் பதினைந்தாந் திகதிக்கென அனுப்பப்பட்ட அந்த மூன்றாவது படியும் அங்கேயே இருந்தது. அதன் அத்தாட்சிப் பிரதியை வாங்கிவந்த அன்று ராத்தா அதனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுத்தில்லாமல் கடற்கரை வாடிகளில் தலைமுறையாகக் குடியிருந்தோர்க்கு அவ்விதம் ஒற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

பிரதி கிடைத்ததேயன்றி நிலம் கிடைக்கவில்லை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டலாகாது என்று அரசு விலக்கு வலயம் விதித்தது. தெற்கில் அது 100 மீற்றராயிருந்தது. உறுதி கையிலிருக்க வளவுக்குள் காலெடுத்து வைக்க முடியாத புதுமை அது. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டதால் 2006-இல் ராத்தா பழைய அத்திவாரத்தின்மேலேயே கட்டினார். எல்லாருக்கும் அது வாய்க்கவில்லை. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியால் 500 வீடுகள் எழுந்தன. அவற்றை யாருக்குப் பகிர்வது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. கட்டி முடிந்த வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்து புதர் மண்டின. வீடுகள் ஆட்களுக்காகக் காத்திருந்த காட்சியை அங்கேதான் கண்டோம்.

மற்றொன்று அதிகம் பேசப்படாதது. புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது குடும்பத் தலைவர் பெயர் கேட்கப்பட்டது. குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்பதே கந்தோரின் வழக்கம். தாயின் நன்கொடையால் வீட்டுக்காரியாயிருந்த பெண், கடல் வந்துபோனபின் கணவன் வீட்டில் குடியிருப்பவளானாள். தலைமுறை தலைமுறையாக வந்த ஒழுங்கு ஒரு படிவத்தின் ஒரு கட்டத்திற்குள் புரண்டது. இதுவும் பழைய கதையே. கல்லோயாத் திட்டத்திலும் பிற குடியேற்றங்களிலும் காணி வழங்கப்பட்ட 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம், உரித்தாளர் வரிசையில் மகனை மகளுக்கு முன்னே வைத்திருந்தது. அவ்வேற்றத்தாழ்வை நீக்கும் திருத்தம் 2022-இலேயே வந்தது. இக்காத்திருப்பின் நீளம் எண்பத்தேழு ஆண்டு.

உறுதிப் பதிவுக்கு மாற்றாக உரித்தையே பதியும் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டு, 2007 முதல் ‘பிம் சவிய’ என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. அளந்து, விசாரித்து, அரசே சான்று கொடுத்துவிட்டால் பழைய ஏடுகளைப் புரட்டவேண்டியதில்லை என்பது அதன் நோக்கம். அளவையாளர் ஊரூராக வந்து முடிக்கும்வரை நாம் பழைய முறையிலேயே நிற்கின்றோம். பழைய உறுதிகளில் இன்றும் எல்லைகள் பாகக் கணக்கிலும், கரைவாகுப் பற்று, மட்டக்களப்பு மாவட்டம் என்ற பழைய தலைப்பிலும் உள்ளன. அம்பாறை தனி மாவட்டமானது 1961-இல் அல்லவா?

சென்ற மாதம் ராத்தா அவ்வீட்டைத் தம் மகளுக்கு நன்கொடை உறுதியாக முடித்தார். வடக்கும் தெற்கும் மேற்கும் அயலவர் பெயர்கள். கிழக்கு எல்லை கடற்கரை வீதி. மீளப்பெற முடியாதது என்ற வரியை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின்னரே ஒப்பமிட்டார். மகள் அங்கே இருக்க, தாம் பின்வளவில் எழுப்பிய ஓரறை வீட்டுக்கு மாறியுள்ளார். பதிவு முடிந்து உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. நேற்றும் கேட்டார்: “தம்பி, பதினைஞ்சாந் திகதி போயிட்டுதா?”